குண்டு மனிதரின் அரை அங்குலம்

பழைய மணிக்கு ஒன்று. ஜப்பான்காரர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்த ஜப்பான் மணிக்கு இரண்டரை. சயாம் லாரி ஜப்பான் மணி நான்குக்கு வரும். எப்படிப் பார்த்தாலும் மெக்கானிக் பரஞ்சோதியைக் காப்பாற்ற எனக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. கழித்துப் பார்த்தேன். சந்தேகம் வந்து மறுபடியும் கழித்துப் பார்த்தேன். அதே ஒன்றரைதான் வந்தது.

"கழிச்சு முடிச்சிட்டீங்களா, கிராணித் தம்பி?" என்றாள் சிகப்பி. "நீங்க கழிக்கிறதுக்குள்ள அஞ்சு நிமிஷம் போயிடுச்சு. அதையும் கழிச்சிடுங்க."

சிகப்பி பரஞ்சோதியின் மனைவி. பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் துணி கட்டியிருப்பாள். அன்று காலையிலிருந்து, நான் கேட்காமலேயே, என் உதவியாள். என் பெயர் சதாசிவம். பால் ஸ்டோரில் ரப்பர் பாலை நிறுத்துக் கணக்கெழுதும் குமாஸ்தா, சின்னக் கிராணி. துப்பறிவது என் வேலை இல்லை. ஆனால் இந்த வம்பைத் தொடங்கி வைத்தவன் நான்தான்.

எங்கள் தோட்டத்து அரிசி ஸ்டோரில் மூட்டைகளின் எண்ணிக்கை எப்போதும் சரியாக இருக்கும். போன வாரம் ஏதோ தோன்றி அவற்றைத் தராசில் ஏற்றினேன். ஒவ்வொரு மூட்டையிலும் சில ராத்தல் குறைந்தது. மேலிடத்துக்கு எழுதி அனுப்பினேன். ஜப்பானிய சார்ஜண்ட் வந்து தேடினார். ஸ்டோரை ஒட்டிய மோட்டார் பட்டறையின் தரையில் ஒரு கைப்பிடி அரிசி கிடந்தது. பட்டறை பரஞ்சோதியுடையது. விசாரணை அத்தோடு முடிந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டியிருந்தது. பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். அங்கே போனவர்களிடமிருந்து எங்கள் தோட்டத்துக்கு இதுவரை ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

"இப்ப என்னா தெரியணும், சொல்லுங்க" என்றாள் சிகப்பி.

"முதலாவது, அரிசி கேட்டைத் தாண்டி எப்படிப் போகுதுன்னு தெரியணும். கூடை, சைக்கிள், லாரி எல்லாத்தையும் காவல்காரங்க சோதிக்கிறாங்க. வண்டியில போறவங்க இறங்கி, சார்ஜண்டுக்குக் குனிஞ்சு வணங்கிட்டுத்தான் போக முடியும். இரண்டாவது..."

"முதலாவதுலேயே நில்லுங்க தம்பி. இரண்டாவதுக்கு வர்றதுக்குள்ள என் புருஷன் சயாம் போய்ச் சேந்துடுவாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கையிலிருந்த கரித்துணியை நாலாக மடித்து, பிரித்து, மறுபடியும் நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் நின்றிருந்தது பட்டறையில். சுவரோரம் ஒரு மோட்டார் சைக்கிள் பளபளவென்று நின்றது. அது ரேஷன் இன்ஸ்பெக்டர் காளிமுத்துவின் வண்டி. கூலிம் பட்டணத்திலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் வருவார். வண்டியைத் துடைத்து வைக்கச் சொல்லிப் பட்டறையில் விட்டுவிட்டு, அரிசி ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் மூட்டை எண்ணுவார். இன்றும் எண்ணிக்கொண்டிருந்தார். மரவள்ளிக் கிழங்கைத் தின்று ஜனங்கள் எல்லோரும் ஒட்டிப்போன இந்த 1943இல், கூலிமுக்கும் கரங்கானுக்கும் நடுவே மிச்சமிருந்த ஒரே குண்டு மனிதர் அவர். அவரைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகள் ரோட்டோரம் நிற்பார்கள்.

"அந்த ஆளு இப்பல்லாம் வர்றதைப் பாத்தீங்களா?" என்றாள் சிகப்பி. "வரும்போது தவளை மாதிரி குதிச்சிக்கிட்டு வர்றாரு. போகும்போது மட்டும் மாரியம்மன் தேர் மாதிரி அசைஞ்சு போறாரு."

"எப்போதிலிருந்து?"

"இவரு ஸ்பிரிங்கைச் சரி பண்ணிக் குடுத்ததிலேருந்து. அஞ்சு வாரம் இருக்கும்."

எனக்குக் காது விடைத்தது. அதே வண்டி. அதே ரோடு. அதே ஆள். வரும்போது குதிக்கும் ஸ்பிரிங் போகும்போது ஏன் குதிக்காது?

பரஞ்சோதிக்கு நோட்டுப் புத்தகம் கிடையாது. எல்லாவற்றையும் பட்டறைக் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைப்பார். ஐந்து வாரத்துக்கு முந்தைய வரியைத் தேடிப் பிடித்தேன்.

"செவ்வாய். இன்ஸ்பெக்டர் வண்டி. பள்ளத்தில் பின்பக்கம் இடிக்கிறது என்கிறார். ஆள் ஏறினால் அமுங்குவது 1 அங்குலம்." அந்த 1இன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 1½. அதற்கும் கீழே, "வளையம், பக்கத்துக்கு மூன்று."

"இது எதுக்கு அடிச்சிருக்கு?"

"அதுவா? இன்ஸ்பெக்டர் வந்தப்ப இவரு உக்கார வச்சு அளந்தாரு. ஒரு அங்குலம். ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கிளம்பும்போது சந்தேகத்துக்கு மறுபடியும் உக்கார வச்சாரு. ஒன்றரை. இவ்வளவு குண்டு ஆளு ஒரு அங்குலமா அமுக்குவாரு, நான்தான் முதல்ல தப்பா அளந்திருக்கேன்னு அடிச்சிட்டாரு." சிகப்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களை மாதிரியே ஆளு தம்பி. தராசு சொன்னாலும் தராசைத் தட்டிப் பாக்குற ஜாதி."

நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். தன் அளவைத் தானே நம்பாத மனிதர்களை எனக்குத் தெரியும்.

"அக்கா, இரண்டு அளவும் சரியா இருந்தா?"

அவள் துணியை மடிப்பதை நிறுத்தினாள்.

அடுத்த அரை மணி நேரம் நாங்கள் செய்ததைத் தோட்டத்தில் இன்றும் வேறு மாதிரிதான் சொல்கிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்த வண்டியின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய் இருந்தது. குழாய்க்குள் ஸ்பிரிங். மேல்மூடியைத் திருகி எடுத்தால் ஸ்பிரிங்கின் தலை தெரியும். கனத்த ஆளாக இருந்தால் அதன் தலையில் இரும்பு வளையங்களை வைத்து மூடியை இறுக்கவேண்டும். ஸ்பிரிங் முன்கூட்டியே அழுந்தி விறைப்பாகும். பள்ளத்தில் இடிக்காது. ஆனால் அதே வண்டியில் மெலிந்த ஆள் ஏறினால் அவனைத் தூக்கித் தூக்கிப் போடும்.

"பரஞ்சோதி அண்ணன் அளந்தப்ப வளையம் இல்லை. அதனால நாமும் வளையத்தை எடுத்துட்டுத்தான் அளக்கணும்" என்றேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் சிகப்பி ஸ்பானரோடு உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருடம் ஒரு மெக்கானிக்கோடு குடித்தனம் செய்தவள். மூடி இரண்டும் கழன்றன. ஆறு வளையங்களும் தரைக்கு வந்தன. கையிலிருந்த கிரீஸை ஒரு கொத்து இலவம் பஞ்சில் துடைத்தாள்.

"பஞ்சு ஏது?"

"ஸ்டோர் பின்னாடி சாக்கடையில கிடக்கும். செவ்வாய்க்கிழமையானா புதுசா கிடக்கும். நம்ம லயத்து வீடுங்கள்ல பாதி தலையணை அதுதான். இப்ப அதுவா முக்கியம்? அளங்க."

மட்கார்டில் பென்சிலைக் கட்டினேன். அதன் முனை தொடும்படி ஒரு பலகையை நிறுத்தினேன். வண்டி அமுங்கினால் பென்சில் கீழே கோடு இழுக்கும். இனி எடை வேண்டும். என் எடை தொண்ணூற்றாறு ராத்தல். ஸ்டோரில் என்னை நானே மாதாமாதம் நிறுத்துக்கொள்வேன். பால் ஸ்டோரிலிருந்து எடுத்து வந்த இருபத்துநாலு ராத்தல் எடைக்கற்களை மடியில் வைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, வண்டி சாயாதிருக்கச் சுவரை லேசாகத் தொட்டேன். மொத்தம் நூற்றிருபது. கோட்டை அளந்தோம். சரியாக ஒரு அங்குலம்.

"அப்ப ஒன்றரைக்கு நூத்தியெண்பது இருக்கணும்" என்றேன். "என் எடை தொண்ணூத்தாறு. இன்னும் எண்பத்துநாலு வேணும். கல்லு அவ்வளவு இல்லை."

"நான் எவ்வளவு?"

போன மாதம் அவள் பால் வாளியோடு தராசில் ஏறி நின்று விளையாடியது நினைவு வந்தது. வாளியைக் கழித்துப் பார்த்தேன்.

"எண்பத்துநாலு."

"பின்ன என்னா? தள்ளி உக்காருங்க."

"கேரியர்ல உக்காந்தா பின்சக்கரத்துக்குப் பாரம் அதிகமாப் போகும் அக்கா. அளவு தப்பாயிடும். ஒரே சீட்லதான்..."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சிகப்பி இடுப்பில் கை வைத்தாள்.

"என் புருஷன் சயாம் லாரி ஏறுற நாள்ல நான் கிராணியோட ஒரே சீட்ல மோட்டார் சைக்கிள் ஏறணும். லயத்துல ஒரு வருஷத்துக்குப் பேச ஆளுக்கு ஆள் விஷயம் கிடைச்சிடும். நகருங்க லா."

இரண்டு மெலிந்த மனிதர்கள் ஒரு சீட்டில் உட்காருவது அப்படியொன்றும் கஷ்டமில்லை என்று அன்று தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பக்கத்து லயத்து அழகம்மா காலி பாட்டில் ஒன்றோடு எட்டிப் பார்த்தாள். எண்ணெய் கேட்டு வந்தவள், எண்ணெய் கேட்காமலேயே போய்விட்டாள்.

"போச்சு" என்றாள் சிகப்பி. "கோலா கெடா வரைக்கும் சேதி போயிடும். அளங்க."

ஒன்றரை அங்குலம். மயிரிழை கூடக் குறைய இல்லை.

எனக்குத் தலை சுற்றியது. பசியாகவும் இருக்கலாம். வந்தபோது காளிமுத்து நூற்றிருபது ராத்தல். போனபோது நூற்றெண்பது. இரண்டு மணி நேரத்தில் ஒரு மனிதர் அறுபது ராத்தல் எடை கூடியிருக்கிறார்.

"மூட்டையை வண்டியில கட்டிக்கிட்டுப் போறாரா?" என்றாள்.

"வண்டியைத்தான் கேட்ல குடைஞ்சு பாக்குறாங்களே. அதோட, இந்த அளவு ஆள் ஏறினதுக்கு மட்டும். பாரம் அவர் மேலதான் இருக்கு."

"எங்க மேல? வரும்போதும் அதே தொப்பை. போகும்போதும் அதே தொப்பை. சட்டை பித்தான்கூட ஒரே மாதிரிதான் பிதுங்குது."

அங்கேதான் நின்றுவிட்டேன். உருவம் மாறவில்லை, எடை மட்டும் மாறியிருக்கிறது. எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று தோன்றியது. எடைக்கல்லை எடுத்துப் பார்த்தேன். பலகையைப் பார்த்தேன். என்னையே ஒருமுறை தராசில் ஏற்றிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். மணி பழைய கணக்கில் ஒன்றே முக்கால் தாண்டிவிட்டது. பதில் மட்டும் வரவில்லை.

சிகப்பி கிரீஸ் கையை மறுபடியும் பஞ்சில் துடைத்தாள். துடைத்த கை பாதியில் நின்றது.

"தம்பி, நம்ம தோட்டத்துல இலவ மரம் எங்க இருக்கு?"

யோசித்தேன். "இல்லையே."

"அப்ப செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை ஸ்டோர் பின்னாடி எந்த மரத்துலேருந்து பஞ்சு கொட்டுது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு இருவரும் அந்தப் பஞ்சைப் பார்த்தோம். பிறகு சிகப்பி வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. காளிமுத்து குண்டு மனிதரே இல்லை. எங்களைப் போலவே எலும்பும் தோலும்தான். சட்டைக்குள் ஒரு தைத்த பை. வரும்போது அதில் பஞ்சு. ஸ்டோருக்குள் கதவைச் சாத்தி, பஞ்சை ஜன்னல் வழியே சாக்கடையில் கொட்டிவிட்டு, மூட்டைக்குச் சில ராத்தலாக அரிசியை அள்ளி அடைத்துக்கொள்கிறார். அதே தொப்பை திரும்பிப் போகிறது. போன வாரம் அவர் இங்கே வண்டி ஏறியபோது தையலிலிருந்து உதிர்ந்ததுதான் பட்டறைத் தரையில் கிடந்த அந்தக் கைப்பிடி அரிசி.

சிரிப்பு அடங்கும்போது ஸ்டோர்க் கதவின் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாரு" என்று வளையங்களை அள்ளினேன். "மாட்டணும் அக்கா, சீக்கிரம். இது இல்லாமப் போனா இடிக்கும்."

சிகப்பி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்க இடிக்கும்?"

"பள்ளத்துல. இல்லாட்டி கேட்ல, அந்த ரப்பர் கட்டை மேல." போன மாதம்தான் சார்ஜண்ட், வண்டிகள் மெதுவாகப் போகவேண்டும் என்று கேட்டின் குறுக்கே ஒரு ரப்பர் மரக்கட்டையைப் போட வைத்திருந்தார்.

"நல்லா இடிக்குமா?"

வளையங்களைக் கரித்துணிக்குள் சுருட்டி மறைத்தேன்.

"நீங்க போய் வாசல்ல நின்னு பேச்சுக் குடுங்க. மூடியை நான் மாட்டுறேன்."

போய் நின்றேன். எனக்குப் பேச்சுக் கொடுக்க வராது. மழை வருமா என்று கேட்டேன். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

"மழையா? வெயில் பொளக்குது தம்பி" என்று காளிமுத்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது. இருக்காதா, அறுபது ராத்தல். "என்னா சிகப்பி, வண்டி ஆயிடுச்சா? பாவம் லா உன் புருஷன். நானும் சார்ஜண்டுகிட்ட எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"ஐயாவுக்குப் பெரிய மனசு" என்றாள் சிகப்பி எழுந்து. "உடம்பு மாதிரியே."

அவர் ஏறி உட்கார்ந்தார். பின்பக்கம் இறங்கியது. நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இறங்கியது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னா, தணிஞ்ச மாதிரி இருக்கு?"

"வண்டி அப்படியேதான் இருக்கு. போன வாரத்துக்கு இந்த வாரம் ஐயாதான் இன்னும் கொஞ்சம் பூசினாப்ல இருக்கீங்க."

இந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது. காளிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. "கண்ணு வைக்காதே" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

பின்னாலேயே ஓடினோம். கேட்டில் சயாம் லாரி முன்னதாகவே வந்து நின்றது. மேலே இருபத்திரண்டு பேர். கடைசியில், பலகையைப் பிடித்துக்கொண்டு பரஞ்சோதி. சிகப்பியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் சார்ஜண்ட் தாளோடு நின்று பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

ரோட்டில் தேர் போகவில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் பின்பக்கம் முனகியது. காளிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ரப்பர் கட்டை வந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியது.

தடால் என்று ஒரு சத்தம். லாரியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். காளிமுத்து சீட்டிலிருந்து அரை அடி எழும்பி, மறுபடியும் சீட்டில் விழுந்தார்.

எதுவும் நடக்கவில்லை.

ஒரு அரிசி மணிகூட விழவில்லை. அவர் தொப்பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். சிரித்தார். தப்பாக அளந்துவிட்டேன், தப்பாக நினைத்துவிட்டேன், பஞ்சு வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது என்று மூன்றும் ஒரே நேரத்தில் தோன்றியது.

"இன்னும் குனியலையே" என்றாள் சிகப்பி.

காளிமுத்து வண்டியை நிறுத்தினார். இறங்கினார். சார்ஜண்டின் முன் போய்க் கைகளைத் தொடையில் ஒட்டி, எல்லோரையும் போல இடுப்பை மடித்துக் குனிந்தார்.

முதலில் கழுத்துப் பட்டியிலிருந்து நாலைந்து மணிகள் விழுந்தன. பிறகு ஒரு கோடாக விழுந்தது. பிறகு உள்ளே ஏதோ டர்ரென்று கிழிய, கழுத்து வழியாகவும் சட்டையின் அடி வழியாகவும் காற்சட்டைக் கால்கள் வழியாகவும் வெள்ளை வெளேரென்று கொட்டத் தொடங்கியது. சார்ஜண்டின் பூட்ஸ் மறைந்தது. காளிமுத்து குனிந்தபடியே மெலிந்தார். நிமிர்ந்தால் என்ன ஆகுமோ என்று நிமிராமலே மெலிந்தார். கடைசியில் ஒரு பெரிய சட்டைக்குள் ஒரு சின்ன மனிதர் நின்றார். காற்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

லாரியில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும்.

"கொமே" என்றார் சார்ஜண்ட் மெதுவாக.

சாயங்கால நிப்பொங்கோ வகுப்பில், அதாவது ஜப்பான் மொழி வகுப்பில், நான் உருப்படியாகக் கற்றது இருபத்துமூன்று சொற்கள். அரிசியைக் குறிக்கும் கொமே அதில் ஒன்று. அறுபது என்பது இன்னொன்று. முன்னே போய்க் குனிந்து இரண்டையும் சொன்னேன். பட்டறையையும் பரஞ்சோதியையும் காட்டித் தலையை இடவலமாக ஆட்டினேன். காளிமுத்துவைக் காட்டி மேலும் கீழும் ஆட்டினேன். சார்ஜண்ட் தன் பூட்ஸைப் பார்த்தார். மொழி அதற்குமேல் தேவைப்படவில்லை. காளிமுத்துவைக் காவல் குடிசைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். தாளில் ஒரு பெயர் அடிக்கப்பட்டது. பரஞ்சோதி இறங்கினார்.

இறங்கியவர் சிகப்பியைப் பார்ப்பதற்கு முன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார்.

"வளையம் இல்லாட்டிகூட இப்படி இடிக்காதே. என் ஸ்பிரிங்கை யாரு தொட்டது?"

சிகப்பி இடுப்பு மடிப்பிலிருந்து இரண்டு சின்ன ஸ்பிரிங்குகளை எடுத்து நீட்டினாள். பெரிய ஸ்பிரிங்குக்குள்ளே துணைக்கு இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள். "கிராணி வளையத்தை மட்டும்தான் எடுக்கச் சொன்னாரு" என்றாள். அப்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது.

சிகப்பி கொட்டிக் கிடந்த அரிசிக்கு அருகே குனிந்துவிட்டு, லாரியின் பின்பலகையோரம் போய் நின்றாள். லாரி கிளம்பியது. மேலே இன்னும் இருபத்தொரு பேர் இருந்தார்கள். அதற்கு எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

கொட்டிய அரிசியை அள்ளி வந்து, பால் ஸ்டோர் தராசைப் பட்டறையில் வைத்து நிறுக்கச் சொன்னார்கள். பரஞ்சோதி என்னோடு பட்டறைக்குள் வந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் கதவின் முன் நின்று கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, 1இன் மேலிருந்த கோட்டை மட்டும் பதமாகத் தேய்த்து அழித்தார்.

நான் தராசைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. முன்பே அறுபது என்று எழுதி வைத்திருந்தேன். தராசைத் தட்டிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டுதான்.

"இரண்டு ராத்தல் குறையுது" என்றேன். "நான்தான் எங்கோ தப்பா..."

அறுபதை அடிக்கப் பென்சிலை வைத்தேன். சிகப்பி வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து தலையில் கட்டியிருந்த சிவப்புத் துணி இப்போது அவள் தலையில் இல்லை.

"தப்பு ஒண்ணும் இல்ல தம்பி" என்றாள். "அந்த ரெண்டு ராத்தல் லாரியில போகுது."

பென்சிலை எடுத்துவிட்டேன்.